சாம்பல் சுமந்த கழி

இறந்தது யாரென்று கேட்பீராயின், முடியுடை வேந்தன் அல்லன். முல்லைக்குத் தேரீந்த வள்ளலும் அல்லன். ஒரு கழி. கொற்றலை ஆறு பூண்டியில் தேங்கி, மணலியின் வடபுறம் கடந்து, எண்ணூர் முகத்துவாரத்தில் கடலைக் கூடுமிடத்தே உவரும் நன்னீரும் கலந்து கிடந்த நீர்ப்பரப்பு. அதற்குக் குடையில்லை, கொடியில்லை. ஆயினும் ஈந்தது. வெள்ளிறாலும் கருவண்டு இறாலும் ஈந்தது. மடவையும் கெளுத்தியும் நண்டும் ஈந்தது. மஞ்சள் மட்டியைச் சேற்றடியில் பொதிந்து வைத்துக் குனிந்தவர் கைக்கெல்லாம் ஈந்தது. காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம், சிவன்படைக்குப்பம் என்னும் ஊரார், இன்று உன் பாடு, நாளை என் பாடு என்று முறைவைத்து வலை வீசினர். வலையும் படகும் இல்லாத இருளர் குலப் பெண்கள் இடுப்பளவு நீரில் இறங்கி, பனையோலைப் பறியைப் பல்லில் கவ்வி, இரு கையாலும் சேற்றைத் தடவி இறால் எடுத்தனர். மூலதனம் இல்லாதவளுக்கும் மறுக்காமல் சோறிட்ட கொடையை வேறெந்த வாயிலில் கண்டோம்?

அந்தக் கழியைத்தான் கொன்றோம். சாவு முற்றவில்லை, மூச்சு இழைகிறது என்று வழக்காடுவோர் உண்டு. நீரில் இறங்கி வெறும் பறியோடு கரையேறுபவளுக்கு அந்த வழக்கு எப்போதோ முடிந்துவிட்டது.

ஒரு கை செய்த கொலையன்று இது. 1970இல் எண்ணூர் அனல் மின் நிலையம் எழுந்தது. 1994இல் வடசென்னை அனல் மின் நிலையம் எழுந்தது. எரித்த நிலக்கரியின் சாம்பலை நீரில் கரைத்துக் குழாய்வழியே சாம்பல் ஏரிக்கு அனுப்பினார்கள். குழாய்கள் கழியின் மேலாகச் சென்றன. விரிசல்கண்டு கழியிலேயே கக்கின. கொதிகலன்களைத் தணித்த வெந்நீரும் அதிலேயே வந்து சேர்ந்தது. ஆளுயரம் நின்ற நீர் முழங்காலளவாயிற்று, அடிச்சேறு நரைத்தது. 2017 ஜனவரி 28 அதிகாலை, எண்ணூர்த் துறைமுகத்துக்கு அப்பால் இரண்டு கப்பல்கள் மோதிக் கரும்பாகெனத் திரண்ட எண்ணெய் எர்ணாவூர்க் கரையெங்கும் அப்பியது. முதலில் வந்த அறிக்கை, சூழலுக்கு ஊறேதுமில்லை என்றது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் பெய்த வெள்ளத்தோடு மணலிப் பக்கத்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாய்வழி இறங்கிக் கழியை மூடிற்று. கூழைக்கடாக்கள் இறகு ஒட்டிப் பறக்கமாட்டாமல் நின்றன. அப்போதும் முதல் மறுமொழி, எங்கள் குழாயில் கசிவில்லை என்பதாகவே இருந்தது. அதே மாதம் 26ஆம் நாள் நள்ளிரவில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கிளம்பியது. பெரியகுப்பத்து மக்கள் கைக்குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருளில் ஓடினார்கள்.

குற்றத்தைவிட என்னை அதிகம் வாட்டுவது அந்த முதல் மறுமொழிதான். நான் அறியேன், எனக்குத் தொடர்பில்லை, அந்த ஆளை எனக்குத் தெரியாது. இச்சொற்களை இந்தக் கரை முன்பே அறியும். தெற்கே சில கல் தொலைவில், இராயபுரத்தில், இதே சொற்களைச் சொல்லிவிட்டு அழுத ஒருவருக்குக் கோயில் இருக்கிறது.

1829இல் எழுந்த புனித இராயப்பர் கோயில் அது. எழுப்பியவர்கள் படகோட்டிகள். சென்னைக்கு அன்று துறைமுகம் கிடையாது. கப்பல்கள் ஆழியில் நங்கூரமிட்டு நிற்கும். ஆணியில்லாமல் தேங்காய்நார்க் கயிற்றால் பலகை தைத்த மசூலாப் படகுகளில் ஆளையும் பொதியையும் ஏற்றி, அலைமுகட்டைக் கிழித்துக் கரைசேர்ப்பது இவர்கள் தொழில். 1875இல் துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. பின்னர் எழுந்த கல்லணைகள் அவர்கள் தொழிலை மெல்ல விழுங்கின. தெற்கிலிருந்து வடக்கே நகரும் கடல்மணலை அதே அணைகள் தடுத்தன. தெற்கே மெரினா அகன்றது. வடக்கே இராயபுரத்துக் கரை அறுத்துக்கொண்டு போயிற்று. இன்று அங்கே மணல் இருந்த இடத்தில் கருங்கற்பாறைக் குவியல். இதுவும் எவரும் தன் செயலென்று ஏற்காத ஓர் இழப்பு. ஆனால் என் புலம்பல் அதனினும் வடக்கே இருக்கிறது.

கலிலேயாக் கடலில் வலை வீசிய மனிதர் இராயப்பர் என்னும் பேதுரு. ஆண்டவர் பிடிபட்ட இரவில், தலைமைக் குருவின் முற்றத்தில் கரிநெருப்பு மூட்டிக் குளிர்காய்ந்தோரோடு நின்றார். வேலைக்காரப் பெண்ணொருத்தி கேட்டாள், அறியேன் என்றார். மும்முறை அறியேன் என்றார். சேவல் கூவிற்று, வெளியே போய் மனங்கசந்து அழுதார். யோவான் எழுதிய நற்செய்தியில் இன்னுமொரு கரிநெருப்பு வருகிறது. விடியற்காலை, ஏரிக்கரை, நெருப்பின்மேல் மீன். உயிர்த்தெழுந்தவர் அவரிடம் மும்முறை கேட்கிறார், என்னை நேசிக்கிறாயா என்று. மறுத்தது எத்தனை முறையோ அத்தனை முறை சொல்லவேண்டியிருந்தது. தனியறையிலன்று, உடன் வலையிழுத்த தோழர்கள் சூழ. திருச்சபையின் பாவமன்னிப்பு முழுவதும் இந்த இரண்டு நெருப்புக்கும் இடைப்பட்ட தொலைவில் விளைந்தது என்றே நான் எண்ணுகிறேன். அலையில் உயிரைப் பணயம் வைத்த படகோட்டிகள், தவறாத புனிதர் ஒருவரைத் தேடாமல், தவறி அழுத வலைஞரைத் தங்கள் காவலராகக் கொண்டார்கள். அந்தத் தேர்வை நினைக்குந்தோறும் நெஞ்சு நெகிழ்கிறது.

தொடக்க நூற்றாண்டுகளின் திருச்சபை பாவத்தைத் தனியொருவன் நெஞ்சுக்குள் நிகழும் சேதியாகக் கருதவில்லை. முதல் நூற்றாண்டின் இறுதியிலோ இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலோ எழுந்தது 'திதக்கே' என்னும் சிறுநூல். நெடுங்காலம் மறைந்திருந்து 1873இல் கான்ஸ்டாண்டிநோபிளில் கையெழுத்துப் படியாய்க் கிடைத்தது. வாழ்வின் வழி ஒன்று, சாவின் வழி ஒன்று என்று தொடங்கும் அந்நூல், ஆண்டவருடைய நாளில் அப்பம் பிட்குமுன் சபையார் தத்தம் குற்றங்களை அறிக்கையிடவேண்டும் என்கிறது. அயலானோடு பகைகொண்டவன் ஒப்புரவாகும்வரை பந்தியில் சேரலாகாது என்கிறது. அறிக்கை சபைநடுவே, ஒப்புரவு அயலானோடு, அதன்பின்பே அப்பம். இந்த வரிசையை மாற்றிப்போட அவர்களுக்கு மனம் வரவில்லை.

இரண்டாம் நூற்றாண்டில் உரோமையில் எழுதப்பட்ட ஏர்மாவின் 'மேய்ப்பர்' நூலில் ஒரு காட்சி. நீரின்மேல் கோபுரம் எழும்புகிறது. கற்கள் வந்து குவிகின்றன. சில பொருந்துகின்றன, சில தள்ளப்படுகின்றன. வெண்மையாய், உருண்டையாய், அழகாய் இருந்தும் பொருந்தாத கற்கள் எவை என்று கேட்கிறான் ஏர்மா. நம்பிக்கை உண்டு, செல்வமும் உண்டு. அந்தச் செல்வம் செதுக்கி எறியப்படும்வரை இவை கட்டடத்துக்கு உதவா என்பது விடை. மனம் திரும்புவோர்க்கு இடமுண்டு, ஆனால் கோபுரம் முடியுமுன்பே வந்துவிட வேண்டும் என்றும் அந்நூல் எச்சரிக்கிறது.

பிறகு கார்த்தேஜின் தெர்த்துல்லியன். மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மனந்திரும்புதல் பற்றி அவர் எழுதிய நூலில், பாவி செய்யவேண்டியதை உடம்பின் மொழியில் சொல்கிறார். கோணி உடுத்தவேண்டும், சாம்பலில் கிடக்கவேண்டும், எளிய உணவுண்டு, குருக்களின் முன் விழுந்து, இறைவனுக்கு இனியோர்முன் முழந்தாளிட்டு, எனக்காக மன்றாடுங்கள் என்று உடன்பிறந்தாரை இரக்கவேண்டும். வெட்கத்தால் இதைத் தள்ளிப்போடுவோரைப் பார்த்து, மறைவிடத்து நோயை மருத்துவனிடம் ஒளித்து மடிவோரைப்போல ஆனீர்களே என்று வருந்துகிறார். கப்பல் உடைந்தவன் பலகையைப் பற்றுவதுபோல இதைப் பற்றிக்கொள் என்கிறார். பலகையையும் அலையையும் அறிந்த இராயபுரத்தார்க்கு இதற்கு உரை வேண்டுவதில்லை.

சாம்பல் என்ற இடத்தில் என் எழுதுகோல் நிற்கிறது. இராயபுரம் முதல் எண்ணூர் வரை கத்தோலிக்கக் குடும்பங்கள் இன்றும் தவக்காலத்தின் முதல் நாளை விபூதிப் புதன் என்றே சொல்வார்கள். முந்தைய ஆண்டுக் குருத்தோலையை எரித்த சாம்பலைக் குரு நெற்றியில் இடுவார். வலைபின்னும் கிழவி வரிசையில் நின்று அதை ஏற்பாள். அவள் செய்த பாவம் என்ன? அண்டை வீட்டாளோடு ஒரு வார்த்தைச் சண்டை, பேரனை அடித்தது. அதற்கு அவள் நெற்றியில் ஒரு சிட்டிகை. கழியின் தலையிலோ பல பத்தாண்டுச் சாம்பல். அழவேண்டியவர் தலையில் ஏறவேண்டியது, கொடுத்தே அறிந்த நீரின் தலையில் ஏறிற்று. கழியே, நீ யாருடைய பாவத்துக்கு இத்தனை நீறு பூண்டாய்?

நான்காம் நூற்றாண்டில் கீழைத் திருச்சபைகள் இந்தத் தவத்துக்கு நிலைகள் வகுத்திருந்தன. கோயிலின் புறவாசலில் நின்று, உள்ளே செல்வோரிடம் அழுது இரப்போர் முதல் நிலையினர். உள்ளே வந்து மறைநூல் வாசகம் மட்டும் கேட்டுவிட்டு வெளியேறுவோர் இரண்டாம் நிலையினர். முழந்தாளில் விழுந்து கிடப்போர் மூன்றாம் நிலையினர். மற்றவரோடு நிற்கலாம், ஆனால் திருவிருந்தில் பங்கில்லை என்போர் நான்காம் நிலையினர். அறிந்தே கொலைசெய்து மனம் வருந்தியவனுக்குச் செசரியாவின் பசிலியார் விதித்தது இருபது ஆண்டு. அழுகை நான்கு, கேட்டல் ஐந்து, விழுந்து கிடத்தல் ஏழு, நிற்றல் நான்கு. கொடிது என்று இன்று தோன்றலாம். எனக்கு அதில் மற்றொன்று தெரிகிறது. கொன்றவனுக்கும் ஓரிடம் குறித்து வைத்திருந்தார்கள். அவன் எங்கே நிற்கவேண்டும், எந்நாள் ஓரடி முன்வரலாம் என்பது ஊருக்கெல்லாம் தெரிந்திருந்தது. அவனைச் சுற்றி ஊர் அழுதது. நம் காலத்துக் கொலைகளுக்கு அப்படி நிற்க ஒரு வாசல்கூட இல்லை.

தேசியுஸ் பேரரசன் 250ஆம் ஆண்டளவில் எல்லாரும் உரோமைத் தெய்வங்களுக்குப் பலியிட்டுச் சான்றிதழ் பெறவேண்டும் என்று ஆணையிட்டபோது, அஞ்சிப் பலியிட்ட கிறித்தவர் பலர். பலியிடாமலே பணங்கொடுத்துச் சான்றிதழ் வாங்கியவரும் இருந்தனர். புயல் ஓய்ந்தபின் இவர்களை என்செய்வது என்று சபை பிளந்தது. கதவடைத்துவிடு என்றது நொவாத்தியான் பக்கம். கார்த்தேஜின் ஆயர் சிப்பிரியான் 251இல் கூடிய சங்கத்தோடு நடுவழி கண்டார்: கதவு திறந்தே இருக்கும், ஆனால் தவம் செய்யாமல் எவரும் நுழையலாகாது. விலைக்கு வாங்கிய தாள் வேறு, செய்த தவம் வேறு என்பதில் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. கரையோரத்து ஆலை ஒவ்வொன்றும் தன் இசைவுச் சான்றுகளை எடுத்துக்காட்டும் இந்நாளில் அவர் பிடிவாதத்தை மீண்டும் படிக்கிறேன்.

எளியவருக்கு மட்டும் வகுத்த ஒழுங்கன்று இது. 390ஆம் ஆண்டு தெசலோனிக்கேயில் தன் படைத்தலைவனைக் கொன்ற ஊரைப் பழிவாங்க, தியோடோசியுஸ் பேரரசன் ஏவியபடி மக்கள் கும்பலாக வெட்டப்பட்டனர். மிலான் ஆயர் அம்புரோசியார் அவனுக்கு ஒரு மடல் எழுதினார். கோயில் வாயிலில் ஆயர் அரசனை மறித்தார் என்பது பிற்காலத்தார் கூட்டிய கதை, மடல் மெய். நீ வந்தால் நான் பலி நிறைவேற்றமாட்டேன் என்பது அதன் பொருள். உலகாண்டவன் அரசுடை களைந்து, சபையார் காணப் பாவியாய் நின்று அழுதான். அவ்வாண்டுக் கிறிஸ்து பிறப்புத் திருநாளில்தான் மீண்டும் திருவிருந்துக்குச் சேர்க்கப்பட்டான். 395இல் அவன் இறந்தபோது அம்புரோசியார் ஆற்றிய இரங்கலுரையில் அவன் வெற்றிகளோடு அந்த அழுகையையும் புகழாக எண்ணினார். நம் கையறுநிலைப் புலவர் மாய்ந்தவனின் கொடையையும் வீரத்தையும் எண்ணி எண்ணி அழுவார்கள். அவன் தன் குற்றத்துக்காக அழுத நாளைப் புகழாகச் சொல்லும் புலவன் நமக்குக் கிடைக்கவில்லை. சொல்லும்படி அழுத அரசனும் கிடைக்கவில்லை போலும்.

பின்னர் அந்தப் பெருவழி ஒடுங்கிற்று. அயர்லாந்துத் துறவியர் ஒருவன் குற்றத்தை ஒருவன் செவியில் சொல்லும் முறையை ஐரோப்பாவெங்கும் கொண்டுசென்றனர். 1215இல் நான்காம் இலாத்தரன் சங்கம், ஆண்டுக்கொருமுறையாவது குருவிடம் பாவசங்கீர்த்தனம் செய்க என்று விதித்தது. அந்த முறைதான் தமிழுக்கும் வந்தது. முத்துக்குளித்துறைப் பரதவரிடையே வாழ்ந்த ஏசுசபைக் குரு என்றீக்கே என்றீக்கசு, மொழிபெயர்ப்பாளன் இடைநிற்காமல் மக்களோடு பேசத் தமிழ் கற்றார். 1578இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சிட்டார். 1580இல் பாவசங்கீர்த்தனத்துக்கென்றே அவர் தமிழில் ஆக்கிய 'கொம்பெசியனாயரு' கொச்சியில் அச்சேறிற்று. தமிழ் அச்சுக்கு வந்த தொடக்கத்திலேயே பிழையை ஏற்கக் கற்பிக்கும் நூலொன்று வந்தது என்பதை நான் பெருமையாகவே கருதுகிறேன். செய்ததை நினைத்துப்பார், மனம் வருந்து, இனிச் செய்வதில்லையென்று உறுதிகொள், வாய்விட்டுச் சொல், கெடுத்ததைச் சரிசெய் என்று பாட்டிமார் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த ஒழுங்கு இந்த வழியில் வந்ததே.

அந்தச் செவியறிக்கையை நான் குறைத்துச் சொல்லேன். ஊர் வாய்க்கு அஞ்சிய எத்தனையோ பெண்கள் கம்பித்தடுப்பின் இருளில் முழந்தாளிட்டு, எவரிடமும் சொல்லமுடியாததைச் சொல்லி இளைப்பாறினார்கள். அது இரக்கமே. ஆயினும் அதில் கழிக்கு இடமில்லை. எண்ணூர்க் கழியைக் கொன்ற பாவம் எந்த ஒருவனுடைய நெஞ்சிலும் முழுதாய் இல்லை. குழாய் பதித்தவன் ஒருவன், பழுது பார்க்காது விட்டவன் ஒருவன், கோப்பில் கையொப்பமிட்டவன் ஒருவன், வரைபடத்தில் நீரை அழித்தவன் ஒருவன். தென்சென்னையில் குளிர்ச்சாதனம் ஓடவிட்டு உறங்கியவனும் ஒருவன். ஒவ்வொருவனும் ஞாயிறன்று தன் சிறு பிழைகளைத் தன் தெய்வத்திடம் சொல்லித் தூயவனாகலாம். அனைவரும் தூயவராகியபின்னும் சாம்பல் கழியிலேயே கிடக்கும். சபை கூடி, சபைமுன் நின்று, சபைக்குத் தீங்கிழைத்ததைச் சொல்லும் அந்தப் பழைய தவம் இப்படிப்பட்ட பாவத்துக்கென்றே அமைந்தது. அது மாய்ந்தது. கழியும் மாய்கிறது. இரண்டு சாவையும் சேர்த்தே அழுகிறேன்.

அத்தவத்தைச் செய்தவர் இல்லாமற்போகவில்லை. 2017இலும் 2023இலும் எண்ணெயை அள்ளியவர் யார்? வாளியும் குவளையும் வெறுங்கையுமாய் மீனவர்கள் இறங்கி அள்ளினார்கள். உடம்பெல்லாம் கரிபூசி, தோல் எரிய, உழைப்பு நாள் இழந்து, கழியின் முன் குனிந்து நின்றார்கள். தெர்த்துல்லியன் கண்டிருந்தால் தவம் செய்வோர் வரிசை இதுவென்றே எண்ணியிருப்பார். இவர்கள் செய்த பாவம் என்ன என்று கேட்டு விடைபெறாமல் திகைத்திருப்பார். வெளியிலிருந்து வந்த காக்கா ஆழி என்னும் சிப்பி இப்போது கழியடியைப் பாய்போல் மூடி, மட்டியையும் இறாலையும் விரட்டுகிறது. அதையும் அவர்களே அரித்தெடுக்கவேண்டுமாம்.

இதே கரையில், எண்ணூருக்கும் இராயபுரத்துக்கும் நடுவே, திருவொற்றியூர் உண்டு. அங்கே மகிழமரத்தடியில் சங்கிலியாரிடம், உன்னைப் பிரியேன் என்று சூளுரைத்தார் சுந்தரர். ஆரூர் நினைவு எழ, சூளை மறந்தார். ஒற்றியூர் எல்லை கடந்ததும் இரு கண்ணும் இருண்டன. அவர் அதை மறைக்கவில்லை. தளிதோறும் தன் பிழையையும் தன் குருட்டையும் வாய்விட்டுப் பாடிக்கொண்டே சென்றார். வெண்பாக்கத்தில் ஊன்றுகோல் கிடைத்தது. காஞ்சியில் ஒரு கண், ஆரூரில் மற்றொன்று. அந்த வெண்பாக்கத்துப் பழங்கோயில் பூண்டி நீர்த்தேக்கத்துள் அமிழ்ந்தது. இறைவனை மேட்டுக்குக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். பூண்டியில் தேங்கும் அந்த நீர் கொற்றலை ஆற்று நீர். கொற்றலையோ எண்ணூருக்கு வருவது. பிழை சொல்லி அழுதவனுக்குக் கோல் கொடுத்த ஆறு, பிழையே இல்லை என்போர் கையில் மாய்கிறது.

கழிக்குத் தீங்கிழைத்தோரே, எவராயினும் நீங்கள், மனம் இருப்பின் உங்களுக்கு நிலை வகுத்துச் சொல்கிறேன். காட்டுக்குப்பத்து வாசலில் நில்லுங்கள்; உள்ளே அழைக்குமுன் நுழையாதீர்கள். பிறகு, எந்த ஆண்டு எந்த மீன் வரவு நின்றது என்று அவர்கள் வரிசையாகச் சொல்வதைக் குறுக்கிடாமல் கேளுங்கள். பிறகு முழந்தாளளவு சேற்றில் இறங்கி, கொட்டிய சாம்பலை நீங்களே அள்ளுங்கள். கூலிக்கு ஆள்வைத்து அன்று. அதன்பின் அவர்களோடு கரையில் நிற்கலாம். எத்தனை ஆண்டு என்பதை அவர்கள் சொல்லட்டும். பாடு முறையறிந்த முதியோர் ஆண்டுதோறும் குறைகிறார்கள். பிள்ளைகள் துறைமுகத்தில் ஒப்பந்தக் கூலியாய்ப் போய்விட்டார்கள். மன்னிக்கும் உரிமையுடையோர் உயிரோடிருக்கும்போதே வாருங்கள்.